யாரும் ஏலம் கேட்காத சேவல்

அக்னஸ் அக்காவின் சேவல்களைப் பார்த்து ஒருவரும் அழகு என்று சொன்னதில்லை. ஒன்றுக்குக் கழுத்தில் இறகே கிடையாது. ஒன்றுக்கு வால் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். சாம்பலும் செம்மண்ணும் கலந்த நிறத்தில் இன்னொன்று, அதன் கொண்டை வலது கண்ணை மூடிக்கொண்டு தொங்கும். எதிரே வந்து நிற்கிற ஆளை அது கண்டுகொள்ளாது என்பதால் தெருவில் அதற்குத் தாசில்தார் என்று பெயர். எதிர்வீட்டுக்காரனான நான் ஒருமுறை, “அக்கா, உங்க கோழி அத்தனையையும் சேர்த்தாலும் ஒரு முழு அழகு தேறாது போலிருக்கே” என்று சொல்லிவிட்டு, அந்த வருஷம் முழுக்க முட்டைக்கு மருங்காபுரிக் கடைக்கு நடந்தேன். கோழி வளர்க்கத் தெரியாது, தின்னத்தான் தெரியும் என்கிற ஆள் வாயை அடக்கிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் மருங்காபுரிக்குத் தெற்கே மேட்டுக்காட்டில் இருக்கிறது. மழை பெய்தால் கடலை, சோளம். பெய்யாவிட்டால் வேலிக்கருவை. அக்காவின் வீட்டுக்காரர் பாக்கியநாதன் கிணற்று மோட்டார் பழுது பார்க்கிறவர், சாயங்காலம் கிரீஸ் கையோடு வந்துதான் வீட்டுக்குள் நுழைவார். ஒரே மகள் பிரான்சியைத் தென்னூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அங்கே கைக்குழந்தை ஒன்று இருக்கிறது.

அக்கா விடிகிறபோதே கோழிகளை மூடிவைத்த பஞ்சாரத்தைத் தூக்கிவிடுவார். அடையிருக்கிற பெட்டைகளை வலுக்கட்டாயமாக இறக்கிக் கொஞ்சம் கம்பு தின்ன வைத்துத் திரும்ப ஏற்றுவார். முதல் நாள் சாயங்காலம் பழைய சாக்கும் சாணியும் நிரப்பிக் கவிழ்த்து வைத்த பானையை நிமிர்த்தினால் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கரையான் நெளியும். குஞ்சுகளுக்கு அதுதான் காலைப் பலகாரம். அவை அடித்துக்கொண்டு தின்பதை இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் கடன் கேட்கலாம், வம்பு பேசலாம், எதுவும் காதில் ஏறாது.

இந்த அழகில்லாத கூட்டம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அந்தோணியார் கோயிலில் ஜூன் மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு ஊர்ச் சனம் சாதி மதம் பார்க்காமல் காணிக்கைக் கோழி கொண்டுவந்து கொடிமரத்தடியில் கட்டும். பூசை முடிந்ததும் ஏலம். ஏலத்தில் எடுத்த கோழியை அறுக்கக் கூடாது என்பது எங்கள் கோயில் வழக்கம். வளர்த்து, குஞ்சு பொரிக்க வைத்து, அந்த வம்சத்தில் ஒன்றை அடுத்த திருவிழாவுக்குப் புனிதரிடமே திருப்பிக் கட்ட வேண்டும். எல்லாரும் நல்ல கோழிக்குப் போட்டி போடுவார்கள். கோணல், நொண்டி, சொட்டை எல்லாம் கடைசியில் கேட்பாரில்லாமல் நிற்கும். அதைத்தான் அக்கா கேட்பார்.

“அந்தோணியாருக்குன்னு நேந்து கொண்டாந்த உசுருங்க. ஒருத்தரும் வேணாம்னு நின்னா, கொண்டாந்தவ மனசு என்ன பாடுபடும்?” என்பார். வருஷா வருஷம் வேறு வேறு ஊர்க் கோழி அவர் வீட்டில் வந்து சேர்ந்தது. வருஷா வருஷம் அவர் வீட்டுக் குஞ்சு வேறு வேறு ஊருக்குப் போனது.

பாக்கியநாதனுக்கு இதில் கொஞ்சம் வெட்கம்தான். போன தை மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், ஊர்க்கோடியில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற பிச்சைமுத்துவிடம் மோட்டார் வேலைக்குக் கூலியாகப் பத்து வெள்ளைப் பெட்டைகளை வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தார்.

“பாரு அக்னஸ், கோழின்னா இப்படி இருக்கணும். எல்லாம் ஒரே அச்சு, ஒரே எடை. தட்டாம முட்டை வைக்கும்.”

“வைக்கட்டும். உங்க சொந்தக்காரங்கள நீங்களே கவனிச்சுக்குங்க,” என்றார் அக்கா. ஆனால் தீனி போடுகிறபோது பாரபட்சம் காட்டவில்லை. ஒரே தொட்டி, ஒரே கம்பு.

தை பிறந்து கொஞ்ச நாளில் பிச்சைமுத்து பண்ணையில் சாவு விழ ஆரம்பித்தது. முதலில் வெயில் என்றார்கள், தை மாதத்தில் என்ன வெயில்? பிறகு தீனி என்றார்கள். கொண்டை நீலம் பூத்து, முகம் வீங்கி, நின்ற இடத்திலேயே சரிந்தன. பண்ணையைச் சுற்றி வேப்பமரத்தடியில் காக்கைகளும் செத்துக் கிடந்தன. பிச்சைமுத்து கொட்டகை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

அந்த வாரமே பாக்கியநாதன் கொண்டுவந்த வெள்ளைப் பெட்டைகளும் போய்விட்டன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அக்காவின் கோழிகள் இரண்டு நாள் தலையைத் தொங்கப் போட்டு மூலைக்கு ஒன்றாக நின்றன. மூன்றாம் நாள் தாசில்தார் எழுந்து, இறகை உதறி, வேலிக்கம்பைக் கொத்தியது. பின்னாலேயே மற்றவையும் எழுந்துவிட்டன.

இதை மனதுக்குள் வைத்துக்கொள்ள அக்காவால் முடியுமா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த கூட்டத்தின் நடுவில் நின்று, “பண்ணை பூரா சரிஞ்சு போச்சு, நான் வளத்த கோழில ஒரு உசுரு போகல! கேலி பண்ணுனீங்கல்ல, வந்து பாருங்க!” என்று முழங்கினார். என் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தார். நான் முட்டைக்கு நடந்த தூரம் அவருக்கு மறக்கவில்லை.

அந்தப் பேச்சு எங்கெங்கோ சுற்றி, கால்நடை மருத்துவர்களின் காதுக்கும் போனது. செவ்வாய்க்கிழமை வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக நாலு பேர் ஜீப்பில் வந்து அக்கா வீட்டு வாசலில் இறங்கினார்கள். அதில் ஒரு பெண், டாக்டர் ஜாஹ்னவி. கோழிகளின் பரம்பரைக் குணங்களை ஆராய்ச்சி செய்கிறவர், ஸ்ரீரங்கத்துக்காரர். கோழியை மடியில் மல்லாத்தி, இறக்கையை விரித்து, உள்பக்க நரம்பில் ஊசி போட்டு ரத்தம் எடுத்த நேர்த்தியைப் பார்த்ததுமே அக்காவுக்குப் பிடித்துவிட்டது. தொண்டையில் பஞ்சுக் குச்சி விட்டுத் துடைத்தெடுத்த பிறகு, கோழிக்கு வலிக்காமல் மெதுவாக இறக்கிவிட்டார்.

வேலை முடிந்து, உடுப்பைக் கழற்றி, கை கால் கழுவிவிட்டு ஜாஹ்னவி வேலிக்கு வெளியே புங்கமர நிழலில் உட்கார்ந்தார். அப்போது அவருடைய போன் அடித்தது.

“சொல்லுங்கோப்பா... ஆமா, இன்னும் மருங்காபுரிப் பக்கந்தான். ஆத்துக்கு வர நாழியாகும். எனக்காகத் தளிகையை வச்சுண்டு காத்திருக்க வேண்டாம்னு அம்மாட்ட சொல்லுங்கோ... தொடாம எப்படிப்பா ரத்தம் எடுக்க முடியும்? ஸ்நானம் பண்ணிட்டுத்தான் உள்ள வருவேன், பெருமாள் மேல ஆணை.”

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “டாக்டரம்மா, கோழி திங்காத வீட்டுல பொறந்துட்டு இப்படிக் கோழியோட மல்லுக்கட்டுறீங்களே!”

“எங்க அப்பா சக்ரபாணின்னு, வடக்குச் சித்திரை வீதியில எல்லாருக்கும் தெரியும். பொண்ணு என்ன படிச்சிருக்கான்னு யாராவது கேட்டா, ‘பக்ஷி சாஸ்திரம்’னு சொல்லிட்டு வேகமா நடந்துடுவார்,” என்று ஜாஹ்னவியும் சிரித்தார். அக்கா கொடுத்த மோரைத் தூக்கிக் குடித்துவிட்டு, “உப்பும் இஞ்சியும் பிரமாதம்,” என்றார்.

“அது கெடக்கட்டும். நான் ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. ஒரே தொட்டித் தண்ணி, ஒரே தீனி. இந்த மனுசன் கொண்டாந்த வெள்ளைக் கோழி பூரா போச்சு. என்னோடது எந்திரிச்சிருச்சு. ஏன்?”

“அதைத்தான் நாங்களும் தேடிக்கிட்டிருக்கோம், அக்னஸம்மா. கிருமி உள்ள நுழைஞ்சா, இது எதிரின்னு அடையாளம் கண்டு சண்டைக்கு நிக்கிற சாமர்த்தியம் தாய் தகப்பன்கிட்டேர்ந்து வருது. அது கோழிக்குக் கோழி வேற வேற மாதிரி இருக்கும். பண்ணைக்கோழி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே ரத்தம். ஒண்ணுக்குத் தெரியாத வித்தை மத்ததுக்கும் தெரியாது. உங்க வீட்டுல பாருங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே! இத்தனை தினுசை எங்கேர்ந்து பிடிச்சீங்க?”

அக்கா ஏலக் கதையைச் சொன்னார். ஜாஹ்னவி டம்ளரைக் கீழே வைக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாக்கியநாதன் திண்டாடிப் போய், “பாக்கத்தான் ஒரு மாதிரி இருக்கும்ங்க, ஆனா நல்ல கோழிங்க,” என்று ஒட்டிக்கொண்டார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு அக்கா நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும், மண்ணில் கால் பாவவில்லை.

அந்தப் பெருமை பத்து நாள்கூட நிற்கவில்லை. பண்ணையில் எடுத்த மாதிரிகள் போபால் ஆய்வுக்கூடத்துக்குப் போய், பறவைக் காய்ச்சல்தான் என்று உறுதியாகித் திரும்பின. பண்ணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கிற கோழி, வாத்து, வான்கோழி ஒன்றையும் விடாமல் அழிக்க உத்தரவு. எங்கள் தெரு முழுக்க அந்த வட்டத்துக்குள் இருந்தது. தண்டோரா போடாத குறையாக ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள்.

அக்கா கரையான் பானையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பாக்கியநாதன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“இந்தா, கேளு. தாசில்தாரையும் நாலு பெட்டையையும் சாக்குல கட்டு. வண்டியில தென்னூருக்குக் கொண்டு போயிடறேன். பிரான்சி வீட்டு மொட்டை மாடியில பத்து நாள் கெடக்கட்டும். எல்லாம் அடங்குனப்புறம் கொண்டாந்துடலாம்.”

“தப்பில்லையாங்க?”

“செத்த கோழியையா ஒளிக்கிறோம்? பொழச்ச கோழி! நீதானே ஊர் பூராச் சொன்ன?”

அக்கா பானையைக் கீழே வைத்தார். பட்டப்பகலில், ஆட்டோ அடுத்த தெருவுக்குத் திரும்பியதும், இரண்டு பேருமாகச் சேர்ந்து ஐந்தையும் பிடித்துக் கால் கட்டிச் சாக்கில் இறக்கினார்கள். நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், சாக்கின் வாயைப் பிடித்துக்கொடுத்ததே நான்தான்.

பாக்கியநாதன் வண்டியை உதைத்துக் கிளப்புகிற நேரத்தில் ஜீப் வந்து நின்றது. ஜாஹ்னவி இறங்கினார். சாக்கு அசைவதைப் பார்த்தார். ஆனாலும் அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

“உங்க கோழிகளோட ரத்தத்தைப் பார்த்தாச்சு, அக்னஸம்மா. நீங்க சொன்னது நிஜம். கிருமி உள்ள போயிருக்கு. சண்டை போட்டு ஜெயிச்ச தடயம் எல்லாத்துக்கும் ரத்தத்துல இருக்கு. என் அனுபவத்துல ஒரே வீட்டுல இத்தனை கோழிகிட்ட இதை நான் பார்த்ததில்லை.”

“அப்புறம் எதுக்குக் கொல்லணும்கிறீங்க?” அக்காவின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. “தோத்ததெல்லாம் தானாச் செத்துப் போச்சு. ஜெயிச்சதுக்கு இதான் பரிசா?”

ஜாஹ்னவி ஒரு அடி பக்கத்தில் வந்தார். “செத்த கோழியைப் பார்த்து எல்லாரும் ஒதுங்கிப் போயிடுவாங்கம்மா. ஜெயிச்ச கோழி நல்லா மேயும், கூவும், சண்டை போடும். ஆனா அதோட எச்சிலிலேயும் எச்சத்திலேயும் கிருமி இன்னும் கொஞ்ச நாள் இருந்தாலும் இருக்கும். இல்லாமலும் இருக்கலாம். எந்தக் கோழிகிட்ட இருக்கு, எதுகிட்ட இல்லைன்னு ஒவ்வொண்ணாப் பார்த்து முடிக்கிற வரைக்கும் கிருமி காத்திருக்காது. மனுஷாளுக்கு ஒட்டிக்கிறது அபூர்வம். ஒட்டிக்கிட்டா பிழைக்கிறது கஷ்டம்.” பிறகு சாக்கைப் பார்க்காமலே கேட்டார்: “வண்டி எங்க கிளம்புது?”

“தென்னூருக்கு,” என்றார் பாக்கியநாதன், மெதுவாக.

“அங்க யார் இருக்கா?”

அக்காதான் பதில் சொன்னார். “எம் மக. அவ கைக்குழந்தை.” சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. வண்டியின் கைப்பிடியை எட்டிப் பிடித்துச் சாவியைத் திருப்பி அணைத்தார். சாக்கை இறக்கி, அவிழ்த்து, தாசில்தாரை மார்போடு அணைத்துக்கொண்டார். அது வழக்கம்போல யாரையும் பார்க்கவில்லை. எனக்குச் சாக்கின் வாயைப் பிடித்த கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“டாக்டரம்மா, ஒரு கண்டிசன்,” என்றார் அக்கா. “எங்க கோழிய எவனும் தொரத்திப் பிடிக்கக் கூடாது. கல்லெடுத்து வீசி, வலையப் போட்டு, வேலிக்கு வேலி அடிச்சு... அதெல்லாம் இங்க நடக்கக் கூடாது. நானே பிடிச்சுத் தர்றேன்.”

மறுநாள் காலை அவருக்கும் கையுறையும் முகமூடியும் கொடுத்தார்கள். முற்றத்தில் கம்பை இறைத்து, “பா... பா... பா...” என்று கூப்பிட்டார். எல்லாம் ஓடிவந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி, இது இன்ன ஊர்க் கோழி, இது இன்ன வருஷத்து ஏலம் என்று சொல்லிச் சொல்லிக் கையில் கொடுத்தார். கழுத்தில் இறகில்லாதது வளநாடு. வால் சாய்ந்தது புத்தாநத்தம். தாசில்தாரின் தகப்பன் துவரங்குறிச்சி. ஜாஹ்னவி ஒவ்வொன்றுக்கும் கடைசியாக ஒருமுறை ரத்தம் எடுத்துப் பெயர் ஒட்டிக்கொண்டார். குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டி மூடுகிறவரை அக்கா நகரவில்லை. அழுதார், ஆனால் தலை குனியவில்லை. “நோய்ல போகல எங் கோழிங்க. ஊருக்காகப் போச்சு,” என்று மட்டும் சொன்னார். தெருவில் கோழியை ஒளித்து வைத்திருந்த இரண்டு மூன்று பேர் அதைக் கேட்டுவிட்டு, பேசாமல் உள்ளே போய்த் தங்கள் கோழிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அதன் பிறகு எங்கள் தெருவுக்கு விடிகிற சத்தமே இல்லாமல் போனது. வேலி ஓரமெல்லாம் சுண்ணாம்பு பூத்துக் கிடந்தது. அக்கா பழக்க தோஷத்தில் சாயங்காலமானால் பானையில் சாக்கும் சாணியும் நிரப்பிக் கவிழ்ப்பார், காலையில் நிமிர்த்துவார், கரையானைப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்ப்பார். கோழிக்குழம்பு மணக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் கருவாடு வறுத்தோம். பிச்சைமுத்துவும் காலிக் கொட்டகையைப் பூட்டிவிட்டு மணப்பாறைக்குக் கூலி வேலைக்குப் போனார்.

சித்திரைக் கடைசியில் ஜாஹ்னவி தனியாக வந்தார். ஜீப் இல்லை, பஸ்ஸில் வந்து, வெயிலில் நடந்து, முகமெல்லாம் சிவந்திருந்தது.

“அக்னஸம்மா, நீங்க ஏலத்துக்குக் கட்டின குஞ்சுகள் எந்தெந்த ஊருக்குப் போச்சுன்னு ஞாபகம் இருக்கா? அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறதெல்லாம் உயிரோடதானே இருக்கும்?”

அக்கா அப்போதுதான் கவிழ்த்த பானையை விட்டுவிட்டு எழுந்தார். சேலையை மாற்றிக்கொண்டு, “வாங்க, காட்டுறேன்,” என்றார்.

வெயிலோடு வெயிலாக இரண்டு பேரும் ஊர் ஊராக அலைந்தார்கள். பாக்கியநாதன் வேலையை விட்டுவிட்டு வண்டியோட்டினார், தன் தவறுக்கு அவர் செய்துகொண்ட பரிகாரம் அது. எந்த வீட்டிலும் அக்காவை வாசலில் நிறுத்தவில்லை. “உங்க சேவலோட பேத்திங்க,” என்று கூப்பிட்டுக் காட்டினார்கள். ஜாஹ்னவிக்கு எலுமிச்சைச் சாறும் அக்காவுக்கு மீன் குழம்பும் எல்லா ஊரிலும் கிடைத்தது. எடுத்த ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில், செத்துப் போன கோழிகளிடம் இருந்த அதே எதிர்க்கிற குணங்கள் பல வீடுகளில், பல நிறங்களில் மேய்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. ஒன்றிடம் ஒரு குணம், இன்னொன்றிடம் வேறொன்று. எதிர்க்கும் என்று இப்போதே அடித்துச் சொல்ல முடியாது, இன்னும் நிறையப் பார்க்க வேண்டும் என்று ஜாஹ்னவி தலைபாடாக அடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்து ஆட்கள் ‘எதிர்க்கும்’ என்கிற ஒரு சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்கள்.

ஜூன் திருவிழாவுக்குள் எங்கள் ஊருக்குத் தடை நீங்கி, மறுபடி கோழி வளர்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கொடிமரத்தடியில் இடம் கொள்ளாத கோழி. துவரங்குறிச்சி ஆட்டு வியாபாரி தாஹா பாய் ஒரு இளஞ்சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். சாம்பலும் செம்மண்ணும் கலந்த நிறம். கொண்டை வலது கண்ணை மூடிக்கொண்டு தொங்கியது.

“உங்க தாசில்தார் பேரன்க்கா,” என்றார். “உங்க கையிலயே குடுக்கலாம்னு வீட்டுல சொன்னாங்க. ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? புனிதர்கிட்ட கட்டிடறேன். எப்படியும் நீங்கதானே எடுப்பீங்க, வேற யாரு கேக்கப் போறா?”

அக்கா அதன் தலையைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

பூசை முடிந்து ஃபாதர் ஜெஸ்வின் ஏலத்தை ஆரம்பித்தார். நல்ல கோழிகள் ஒவ்வொன்றாகப் போயின. தாசில்தார் பேரனைத் தூக்கிப் பிடித்ததும் அக்கா வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. வளநாட்டுக்காரர் ஒருவர் அதற்கு மேல் கேட்டார். பிறகு நாலு பக்கமிருந்தும் குரல்கள் எழும்பின. ஃபாதருக்கு யார் பக்கம் திரும்புவதென்று தெரியவில்லை.

“கேளு அக்னஸ், கேளு! போயிடப் போகுது!” என்று பாக்கியநாதன் முழங்கையால் இடித்தார்.

“சும்மா இருங்க,” என்றார் அக்கா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். “நான் கேக்குற சேவல ரெண்டாவது ஆள் கேட்டு இந்தக் கோயில்ல நான் பாத்ததே இல்ல. காது குளிரக் கேட்டுக்கறேன்.”

கடைசிவரை விடாமல் கேட்டு எடுத்தவர் பிச்சைமுத்து. சேவலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அக்காவிடம் வந்தார். “கொட்டகையைத் தொறக்கப் போறேன் அக்னஸ். இனிமே ஒரே அச்சுக் கோழி வேணாம்,” என்றார். “நல்லா வச்சுக்குங்கண்ணே. வேலிக்கம்பைக் கொத்தும், கண்டுக்காதீங்க,” என்றார் அக்கா.

கூட்டம் கலையத் தொடங்கியது. கொடிமரத்தில் ஒரே ஒரு சேவல் மிச்சம். அழுக்கு வெள்ளை நிறம், இடது காலில் விரல்கள் கோணிக்கொண்டு, பாதி முதுகு சொட்டை. எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கட்டினது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஃபாதர் அதைத் தூக்கிப் பிடித்து, சங்கடத்தோடு சுற்றிலும் பார்த்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

“அத இங்க குடுங்க, ஃபாதர்,” என்றார் அக்னஸ் அக்கா.

வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அவர் திரும்பியபோது, திருவிழாவுக்கு வந்திருந்த ஜாஹ்னவி கைப்பையிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டு ஆசையோடு பக்கத்தில் வந்து நின்றார். “அக்னஸம்மா, ஒரே ஒரு சொட்டு...”

“மொதல்ல வீட்டுக்கு வந்து கம்பு திங்கட்டும் டாக்டரம்மா. ரத்தமெல்லாம் அப்புறம்,” என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா நடந்தார். பின்னாலேயே பாக்கியநாதன் போனார். இந்தத் தடவை அவர் முகத்தில் வெட்கம் இல்லை. சேவல் என் பக்கம் திரும்பிப் பார்த்தது. அழகைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.